கனவைக் கலைக்கும் உத்தியோகம்

தூங்குகிற மனுஷர்களை எழுப்பிவிடுவதற்குச் சம்பளம் வாங்கியவர் சின்னப்பராஜ். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் விழுப்புரம் ஜங்ஷனில் அது நிஜமாகவே ஒரு உத்தியோகம். அதற்கு ஒரு காக்கிச் சட்டையும், மழைக்கு ஒரு குடையும், ஊருக்குப் போய்வர இலவசப் பாஸும் உண்டு. பெண் கொடுக்க வந்தவர்கள் "மாப்பிள்ளை ரயில்வேயில் என்ன வேலை?" என்று கேட்டபோது, அவருடைய அண்ணன் "பெரிய பெரிய டிரைவருங்கெல்லாம் அவன் சொன்னாத்தான் எழுந்திருப்பாங்க" என்று சொல்லியிருக்கிறார். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. இருதயசெல்வி அதை நம்பித்தான் கழுத்தை நீட்டினாள்.

ஸ்டேஷனைத் தாண்டி வேப்ப மரங்களுக்கு நடுவே ஒரு ஓட்டுக் கட்டடம் இருந்தது. ரன்னிங் ரூம் என்று பேர். வெளியூரிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வரும் டிரைவர்களும், எஞ்சினுக்குக் கரி போடும் பயர்மேன்களும், திரும்பும் வண்டிக்கு நேரமாகும்வரை அங்கேதான் படுப்பார்கள். ராத்திரி முழுக்க நெருப்புக்கு முன்னால் நின்றுவிட்டு வந்தவர்கள் அல்லவா, பகலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடித்துப் போட்டாற்போல் தூங்குவார்கள். அவர்களைச் சரியான நேரத்துக்கு எழுப்பவேண்டும். ஒருத்தர் அசந்துவிட்டால் அந்த வண்டி நிற்கும், அதன் பின்னால் வருகிற வண்டியும் நிற்கும், கடைசியில் எல்லோரும் சேர்ந்து சின்னப்பராஜைத்தான் தேடுவார்கள்.

அவர் எழுப்புவதற்கு ஒரு முறை வைத்திருந்தார். கையில் முழ நீளத்துக்கு ஒரு இரும்புக் கம்பி. கட்டிலும் இரும்புக் கட்டில்தான். கம்பியால் கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டுவார், கொஞ்சம் நிறுத்துவார், பிறகு ஒரு தட்டு. அதற்கப்புறம் ஆளுடைய பேரைச் சொல்லி, "வண்டி ரெடிங்கோ!" என்று ஒரு குரல். செத்த பிணமும் எழுந்து சட்டையைத் தேடும் என்று சமையல்காரர் பாண்டுரங்கன் சொல்வார்.

இப்படி எழுப்பப்பட்ட மனுஷன் முதலில் பேசுவது என்ன தெரியுமா? வண்டியைப் பற்றி இல்லை, காப்பியைப் பற்றியும் இல்லை. பாதியில் அறுந்துபோன கனவைப் பற்றித்தான். அது நாக்கு நுனியில் இன்னும் ஈரமாக இருக்கும், உடனே யாரிடமாவது சொல்லியாகவேண்டும். பெண்டாட்டி செங்கல்பட்டில் இருப்பாள், அம்மா திருச்சியில் இருப்பாள். பக்கத்தில் இருக்கும் காது சின்னப்பராஜுடையதுதான். சொன்னவர் சும்மா விடுவாரா? "இதுக்கு இன்னாய்யா பலன்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் கிறிஸ்தவர்கள் குடியிருந்த ஒரு வேதக்காரத் தெருவில் பிறந்து, பங்குச் சாமியார் புண்ணியத்தில் ஐந்தாவது வரை படித்து ரயில்வேக்கு வந்த மனுஷன், ஒன்றும் படிக்காமலே கனவுக்குப் பலன் சொல்கிறவராக ஆகிப்போனார்.

அவரிடம் கெட்ட கனவு என்பதே கிடையாது. பாம்பு கொத்தினால் பீடை விலகியது. தானே செத்துக் கிடப்பதுபோலக் கண்டால் ஆயுசு கெட்டி. ஒருதரம் ஒரு பயர்மேன், கனவில் கல்யாணம் பார்த்தால் வீட்டில் சாவு விழும் என்று சொல்வார்களே என்று கண் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தான்.

"கல்யாணத்துல சோறு போட்டாங்களா?" என்று கேட்டார் சின்னப்பராஜ்.

"போட்டாங்க. எலை போட்டு, பாயசமும் ஊத்துனாங்க."

"அப்ப அது கல்யாணம் இல்ல தம்பி, பசி. போய் சாப்புடு போ."

இன்னொருவர் கனவில் எருமை துரத்தியது. எமன் ஏறிவருகிற மிருகமாயிற்றே என்று அவருக்கு உதறல். "கறுப்பா இருந்துச்சா? மூச்சு வுட்டுச்சா? அது எருமை இல்லீங்க, ஒங்க எஞ்சினுதான். நேரமாச்சுன்னு தேடிக்கினு வந்திருக்குது" என்று சொல்லி அனுப்பிவைத்தார். அவருடைய கணக்கு எளிமையானது. இன்னும் ஒரு மணி நேரத்தில் அந்த ஆள் ஒரு முழு ரயிலை இழுத்துக்கொண்டு போகப்போகிறார். அவரை மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு அனுப்புவதில் யாருக்கு லாபம்? பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. முகம் கழுவத் தண்ணீர் எடுத்து வைப்பதுபோல அதுவும் வேலையோடு சேர்ந்த வேலை.

கனவு ஏன் வருகிறது என்று மட்டும் அவரிடம் யாரும் கேட்டதில்லை. அந்தத் துறை பாண்டுரங்கனுடையது. வாயுதான் கனவு என்பது அவர் கட்சி. "அப்ப ஒன் கொத்தவரங்கா பொரியலத் தின்னுட்டுத்தான் எல்லாரும் பேயக் கண்டு அலர்றாங்களா?" என்று சின்னப்பராஜ் கேட்டால், பாண்டுரங்கன் ஒரு வேளைக்குப் பேசமாட்டார்.

இந்தச் சுகமான வாழ்க்கையில் கோதண்டபாணி டிரைவரின் கனவு வந்து விழுந்தது.

கோதண்டபாணி செங்கல்பட்டு எஞ்சின் ஷெட்டைச் சேர்ந்த கூட்ஸ் வண்டி டிரைவர். சொந்த ஊர் திண்டிவனம். ஐம்பதை நெருங்கிய, மீசை நரைத்த, தாட்டியான ஆள். ஒரே பக்கத்து மண் என்பதால் சின்னப்பராஜிடம் தனிப் பிரியம் வைத்திருந்தார். திண்டிவனத்தில் வண்டி நிற்கும்போது யாராவது கொண்டுவந்து கொடுக்கிற பச்சை மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், பாதி எப்படியும் கீழ்ப்பெரும்பாக்கத்தில் சின்னப்பராஜ் குடியிருந்த வாடகை வீட்டுக்கு வந்துவிடும். அவருடைய வண்டி ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை, அவர் குரல் ஒருநாளும் உயர்ந்ததில்லை.

ஐம்பத்தெட்டில், பங்குனி வெயில் தொடங்கிய நேரத்தில், அவர் ஒருநாள் மதியம் எழுந்தபோது பனியன் தொப்பலாக நனைந்திருந்தது.

"வண்டிய வுட்டுக்கினு வர்றேன் சின்னப்பா. நல்ல வேகம். எதுத்தாப்ல ஒருத்தன் தண்டவாளத்து மேல ஓடியாறான். கையில இரும்பு. தண்டவாளத்துல தட்டித் தட்டி, கோதண்டபாணி, கோதண்டபாணின்னு கத்துறான். பாத்தா அவனுக்கு முன்னால கேட்டுல ஒரு பொண்ணு, ஆட்டப் புடிச்சிக்கினு நிக்குது. பிரேக்கப் புடிச்சி இழுக்கறேன். புடி கையோட வந்துடுச்சு."

சின்னப்பராஜ் வழக்கம்போல, "அவன் காவல் தெய்வம்ங்க. ஆபத்த முன்னாலயே சொல்றான், ஒண்ணும் ஆவாது" என்றார். டிரைவரும் தலையாட்டிவிட்டுப் போனார். ஆனால் அடுத்த முறை வண்டி கொண்டுவந்த நடையிலும் அதே கனவு. அதற்கடுத்த நடையிலும் அதுவே. எஞ்சின் முகப்பில் எலுமிச்சம்பழம் கட்டிப் பார்த்தார். புஜத்தில் தாயத்து ஏறியது. பெருமுக்கல் மலைக்கு ஏறி வேண்டிக்கொண்டு வந்தார். கனவு எதற்கும் மசியவில்லை. மனுஷன் பாதியாக இளைத்துப்போனார். வண்டி விக்கிரவாண்டியைத் தாண்டும்வரை விசிலில் வைத்த கையை எடுப்பதே இல்லை என்று அவருடைய பயர்மேன் வந்து சொன்னான்.

ஒருநாள் மதியம் எழுந்து உட்கார்ந்த கோதண்டபாணி குண்டைத் தூக்கிப் போட்டார்.

"போதும் சின்னப்பா, ஒன் நல்ல வார்த்தையெல்லாம். நான் வண்டிய வுட்டு எறங்கிடப் போறேன். ஷெட்டுல ஏதானா வேலை போட்டுக் குடுங்கன்னு கேட்டுடப் போறேன். ஒரு உசுரு என் சக்கரத்துல போறதுக்கு முன்னாடி எறங்கிட்டா புண்ணியம்."

கரி அள்ளிப்போடுகிற பையனாகச் சேர்ந்து, இருபத்தைந்து வருஷம் புகையைத் தின்று, ரெகுலேட்டரைப் பிடிக்கிற இடத்துக்கு வந்தவர் அவர். எஞ்சினைவிட்டு இறங்கினால் ஷெட்டின் மூலையில் துடைக்கிற துணியோடு உட்காரவேண்டியதுதான். ஆறு மாசம்கூடத் தாங்கமாட்டார் என்று சின்னப்பராஜுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வாழ்க்கையில் முதல்தடவையாகப் பலன் சொல்வதை விட்டுவிட்டுக் கேள்வி கேட்டார்.

"டிரைவரய்யா, நெசமா அந்தமாரி ஒரு பொண்ணு இருந்துச்சா?"

இருந்தது. போன வருஷம் விக்கிரவாண்டி ரயில்வே கேட்டில் ஆட்டை ஓட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண் குறுக்கே வந்துவிட்டாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆடுகூடத் தப்பித்துவிட்டது. அவர் அதை யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

"ஊட்ல தூங்கறப்ப இந்தக் கனவு வருதுங்களா?"

டிரைவர் யோசித்தார். "ஊட்ல வரல. இங்கதான் வருது."

"அந்த ஆளு தண்டவாளத்துல தட்டுறான்னீங்களே, எப்டி தட்டுவான்?"

கோதண்டபாணி விரலை மடக்கிக் கட்டில் சட்டத்தில் தட்டிக் காட்டினார். இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒரு தட்டு.

சின்னப்பராஜ் கட்டிலைவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தார். கையிலிருந்த கம்பியை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். தண்டவாளத்தின்மேல் ஓடிவந்தது காவல் தெய்வமும் இல்லை, காத்துக்கருப்பும் இல்லை. அவரேதான். அவர் கட்டிலில் தட்டிய தட்டும், பேர் சொல்லிக் கூப்பிட்ட குரலும் தூக்கத்துக்குள்ளே இறங்கிப் போயிருக்கின்றன. உள்ளே அந்தப் பெண் ஆட்டோடு ஏற்கெனவே காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டும் சேர்ந்து ஒரு நல்ல மனுஷனை நாசம் பண்ணிக்கொண்டிருந்தன.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மலையேறி வேண்டிக்கொண்டு வந்தவரிடம், "அதெல்லாம் வேணாங்க, நாந்தான் அது" என்று எப்படிச் சொல்வது? மென்று முழுங்கிவிட்டு, "ஷெட்டுல இப்ப ஒண்ணும் கேக்காதீங்க. இன்னும் ஒரே ஒரு நடை வந்துட்டுப் போங்க" என்று மட்டும் கெஞ்சினார்.

அடுத்த நடைக்குக் கோதண்டபாணி வந்து படுத்த மதியம், சின்னப்பராஜ் கம்பியை அடுப்பங்கரையில் வைத்துவிட்டார். செருப்பையும் வெளியே விட்டார். கால்மாட்டில் போய்க் குந்திக்கொண்டு, எழுப்பவேண்டிய நேரம் வந்ததும் டிரைவருடைய வலதுகால் கட்டை விரலை மட்டும் இரண்டு விரலால் பிடித்து மெல்ல அமுக்கினார். குரலும் கொடுக்கவில்லை. எழுந்திருக்கவே இல்லையென்றால் வேலை போகும் என்ற பயத்தில் வாய் தானாக ஜெபத்தை முணுமுணுத்தது. விரலை விட்டுவிட்டு மறுபடி பிடித்தார். தூங்குகிற முகத்தில் மீசை லேசாக அசைந்தது. சிரிப்பு! அப்புறம் டிரைவர் கண்ணைத் திறந்தார். திறந்த கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கமாக வழிந்தது.

"அம்மா வந்துச்சு சின்னப்பா" என்றார்.

அவருடைய அம்மா வீரம்மாள் செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. சாகும்போது கோதண்டபாணி எங்கேயோ வண்டியில் இருந்தார். சேதி கிடைத்துத் திண்டிவனம் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்புறம் அந்த அம்மாள் கோதண்டபாணியின் தம்பி கனவில் வந்தாள், தங்கச்சி கனவில் வந்தாள், பக்கத்து வீட்டுக்காரி கனவில்கூட வந்து அரிவாள்மணையைத் திருப்பிக் கேட்டாள். மூத்த பிள்ளை கனவில் மட்டும் வரவில்லை. கடைசி மூச்சுக்கு நான் இல்லை என்று அம்மாவுக்குக் கோபம் என்பதே அவர் முடிவு.

"எண்ணெயத் தேச்சி ரெண்டு பாதத்தையும் அமுக்குது. வளையலு சத்தம் போடுது. கரி புடிச்ச காலோட படுக்கறியேடா, கழுவிட்டு வந்து படுக்கக் கூடாதான்னு திட்டுது. கோவமே இல்ல சின்னப்பா. நல்லாத் திட்டுச்சு."

டிரைவர் முகம் கழுவி, காப்பியை ரசித்துக் குடித்து, வழக்கத்துக்கு முன்னாடியே எஞ்சினுக்குப் போனார். ஷெட் வேலை என்ற பேச்சே எழவில்லை. மறு நடையிலிருந்து கம்பி மற்றவர்களுக்கு, கட்டை விரல் கோதண்டபாணிக்கு என்று ஆகிவிட்டது. எப்போதும் அம்மா வருவாள் என்றில்லை. சிலநாள் ஒன்றுமே இல்லாத வெறும் தூக்கம். சிலநாள் பாதத்தில் எண்ணெய். தண்டவாளத்தில் ஓடிவந்த ஆள் மட்டும் திரும்ப வரவே இல்லை. டிரைவருக்கு உடம்பு தேறியது. பாண்டுரங்கனிடம் இன்னொரு கரண்டி சோறு கேட்டார். சின்னப்பராஜுக்கும் மனசு நிறைந்திருந்தது.

ஆடி மாசத்தில்தான் சங்கடம் வந்தது. செத்தவர்கள் கனவில் வந்தால் ஏதோ குறை இருக்கிறது, கவனிக்கவேண்டும் என்பது வழக்கம். கோதண்டபாணி திண்டிவனத்தில் அம்மாவுக்குப் பெரிய படையல் போட்டார். வடை, கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு என்று அந்த அம்மாள் விரும்பித் தின்றதெல்லாம் இலையில் ஏறின. புதுசாக எடுத்து வைத்துப் படைத்த புடவையைக் கொண்டுவந்து சின்னப்பராஜ் கையில் வைத்தார்.

"படைச்ச பொடவைய ஒரு சுமங்கலிக்குக் குடுக்கணும். எங்கம்மா வந்த சேதிய மொதல்ல கேட்டவன் நீ. ஒன் ஊட்டுக்காரி கட்டட்டும்."

மாம்பழ நிறத்தில், அரக்குக் கரை போட்ட புடவை. இருதயசெல்வி அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள், கன்னத்தில் ஒற்றிப் பார்த்தாள். பிறகு விவரம் கேட்டாள். சின்னப்பராஜ் கம்பியில் தொடங்கிக் கட்டை விரல்வரை எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தார். அவள் புடவையை மடித்துக் கொடியில் போட்டாள்.

"நான் கட்ட மாட்டேன்."

"படைச்சதுன்னா? நம்ம வேதத்துக்கு ஆவாதுன்னா?"

"அதெல்லாம் இல்ல. ஆசையாத்தான் இருக்குது. அந்த மனுசன் அவங்க அம்மா வந்துச்சுன்னு நெனச்சி எடுத்துருக்காரு. ஒங்க வெரலுக்கு எடுக்கல. பொய் மேல நான் எப்டிங்க பொடவ கட்டுறது? போய் சொல்லிட்டு வாங்க, அப்பறம் கட்றேன்."

"சொன்னா அந்தாளுக்கு அம்மா போயிடுமே!"

இருதயசெல்வி குனிந்து அடுப்பை ஊதினாள். "நீங்க வெரலத் தொட்டீங்க. எண்ணெ தேச்சீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அதையும் சேத்துச் சொல்லுங்க."

சொல்லவேண்டும் என்று முடிவான பிறகும் சின்னப்பராஜுக்குத் தைரியம் வர ரொம்பநாள் பிடித்தது. ஒவ்வொரு நடையிலும் வாய்வரைக்கும் வரும், டிரைவர் சிரித்த முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விடும். கடைசியில் ஒரு மதியம், டிரைவர் காப்பியைக் குடித்து முடித்துத் தொப்பியைக் கையில் எடுத்த பிறகு, எதிரில் நின்றுகொண்டு கடகடவென்று கொட்டிவிட்டார். தண்டவாளத்தில் தட்டியது தன் கம்பிதான், பேர் சொல்லிக் கத்தியது தன் குரல்தான், காலைப் பிடித்ததும் தான்தான்.

கோதண்டபாணி தொப்பியைத் திரும்பவும் கட்டிலில் வைத்தார்.

"கால நீயா அமுக்குன?"

"கால இல்லீங்க. கட்ட வெரலு மட்டும். அதுவும் இப்டித்தான்" என்று இரண்டு விரலைக் காட்டினார்.

"எண்ணெ?"

"எண்ணெ இல்லீங்கய்யா. சத்தியமா இல்ல."

"வளையலு சத்தம்?"

"நான் வளையலு போடற ஆளாங்க?"

சிரிக்கவேண்டிய இடம்தான். டிரைவர் சிரிக்கவில்லை. "கரி புடிச்ச காலுன்னு திட்டுனது?" என்று கேட்டார்.

"அத்தயெல்லாம் நான் எங்கேங்க கண்டேன்? நான் பயத்துல அருள்நெறைஞ்ச மரியே ஜெபம் சொல்லிக்கினு இருந்தேன். வெரலு என்னுது. மிச்சம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா சொல்ல மாட்டனா?"

டிரைவர் தொப்பியை மாட்டிக்கொண்டு, போய்ட்டு வர்றேன் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போய்விட்டார். அவர் வண்டி விசில் ஊதிக்கொண்டு வடக்கே நகர்ந்தது ரன்னிங் ரூம்வரை கேட்டது. சின்னப்பராஜுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஒரு மனுஷனுடைய தாயை இரண்டாம் தடவை சாகடித்துவிட்டோமே என்று உட்கார்ந்து அழாத குறை. இருதயசெல்வி புடவையைத் தொடவில்லை. "அவரு வரட்டும், பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

கோதண்டபாணிக்கு அடுத்த நடை வர நாலைந்து நாள் ஆயிற்று. வருகிற ஒவ்வொரு செங்கல்பட்டு ஆளிடமும் சின்னப்பராஜ் ஜாடையாக விசாரித்தார். டிரைவர் வேலைக்கு வருகிறார், ரொம்பப் பேசுவதில்லை என்றார்கள். ஷெட்டில் மாற்றல் கேட்டாரா என்று கேட்கச் சின்னப்பராஜுக்கு நாக்கு எழவில்லை.

வந்தார். காலை பத்து மணிக்கு, கரி படிந்த முகத்தோடு, எப்போதும்போல உள்ளே நுழைந்தார். சின்னப்பராஜை ஏறெடுத்துப் பார்க்காமல் கொல்லைப்பக்கம் போய், இரண்டு காலையும் முழங்கால்வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பாண்டுரங்கன் போட்டதைப் பேசாமல் சாப்பிட்டார். ஜன்னலைச் சாத்திக்கொண்டு கட்டிலில் படுத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். சின்னப்பராஜ் வாசற்படியிலேயே நின்றார். உள்ளே போவதா, கம்பியை எடுத்துவருவதா என்று தெரியவில்லை.

போர்வை அசைந்தது. சுத்தமான வலது பாதம் அதற்குள்ளிருந்து வெளியே வந்து, கட்டில் ஓரத்தில் நீட்டிக்கொண்டது.

"சின்னப்பா" என்றார் டிரைவர், கண்ணைத் திறக்காமல்.

"இன்னாங்கய்யா?"

"இன்னிக்குக் கொஞ்சம் முன்னாடியே எழுப்பு. மெதுவா எழுப்பு."

சின்னப்பராஜ் அன்றைக்கு நேரம் வருவதற்கு வெகு முன்பே போய்க் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டார்.